நார்வேயில் பிடித்த கொடுவா

பூவிழி எதைச் சொன்னாலும் நம்பிவிடுவாள் என்பது புன்னைமேட்டுக் குப்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பொன்னேரியில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தபோது கூடப் படித்த ஒருத்தி அவளிடம் ஒரு சங்கதி சொன்னாள். பழவேற்காடு ஏரிக்கு வருகிற பூநாரைகள் எல்லாம் பிறவியில் வெள்ளைதானாம். சுற்றுலா வருகிறவர்களுக்காக யாரோ ஆள் வைத்து ரோஸ் சாயம் அடித்துவிடுகிறார்களாம். பூவிழி அந்த ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவள். இருந்தும் நம்பினாள். வீட்டுக்கு வந்து, "நைனா, அத்தினி பறவைக்கும் எத்தினி டப்பா பெயின்ட் ஆவும்?" என்று கேட்டாள். அப்பா வரதன் ஏரியில் வலை போடுகிறவர். தினமும் அந்தப் பறவைகளுக்கு நடுவில் படகைத் தள்ளிக்கொண்டு போகிறவர். வாயில் வைத்த சோற்றை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அன்றைக்கு அவர் பட்ட பாட்டை அம்மா செவ்வந்தி இன்றும் நடித்துக் காட்டுவாள்.

செல்போனில் வாட்ஸ்அப் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. தலையணைக்கு அடியில் வெங்காயம் வைத்துப் படுத்தாள். போன் உறைக்குள் துளசி இலை வைத்தாள். ஒருமுறை, அமாவாசையன்று நண்டு சாப்பிட்டால் ஞாபக மறதி வரும் என்று எங்கிருந்தோ வந்த செய்தியைக் குப்பத்துக் குழுவில் போட்டுவிட்டாள். செவ்வந்தி நண்டு விற்றுப் பிழைப்பவள். அன்று அவள் கூடை நிறைய நண்டோடு திரும்பி வந்து, வீட்டு வாசலில் கூடையை இறக்கி, மகளைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "உனக்குச் சோறு போடறது நண்டா, அந்தப் போனா?"

இப்படிப்பட்ட பூவிழியைத்தான், பிள்ளைகளை எதையும் ஆராய்ந்து பார்க்கப் பழக்கும் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

அவள் வேலை பார்ப்பது சொந்தக் குப்பத்துத் தொடக்கப் பள்ளியில். மொத்தம் இரண்டே ஆசிரியர்கள். தலைமை ஆசிரியை எலிசபெத் சின்ன வகுப்புகளைப் பார்த்துக்கொள்வார். நான்கும் ஐந்தும் ஒரே அறையில் பூவிழியிடம். அந்த அறைக்குத் தொடுதிரைப் பலகை ஒன்று வந்தது. சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு, கறுப்பாக, பளபளவென்று. முதல் நாள் பிள்ளைகள் அதன் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பலகையைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள யாராவது பொன்னேரிக்குப் போக வேண்டும். எலிசபெத்துக்கு முட்டி வலி. பூவிழி போனாள்.

பயிற்சியில் பேசியவர், "இந்தப் பலகையைத் தொட்டால் அது பதில் சொல்லக் கூடாது, பிள்ளையைத் திருப்பிக் கேள்வி கேட்க வேண்டும். விமர்சனச் சிந்தனைதான் நமக்கு நோக்கம்" என்றார். பூவிழி அதை அப்படியே நம்பினாள். வாழ்க்கையில் அவள் நம்பியவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான்.

வீட்டில் வந்து சொன்னபோது செவ்வந்திக்குப் புரியவில்லை. "விமர்சனம்னா குத்தம் சொல்றதாச்சே. அத்த நம்ம குப்பத்துப் புள்ளைங்களுக்குத் தனியா வேற சொல்லிக் குடுக்கணுமா?"

பள்ளியில் எலிசபெத் வாய்விட்டுச் சிரித்தார். "உங்கிட்டப் போயி இந்த வேலையக் குடுத்தாங்க பாரு பூவிழி! சரி, நடத்து. நானும் பாக்கறேன்."

பூவிழி நடத்தினாள். முதலில் ஒரு கதை செய்தாள். வலையில் கடலாமை மாட்டிக்கொள்கிறது. வலையை அறுத்து ஆமையை விடுவதா, வலையைக் காப்பாற்ற முயல்வதா? பிள்ளைகள் பலகையில் எதைத் தொடுகிறார்களோ அந்தப் பக்கம் கதை போகும். வலையை அறுத்தால் படத்தில் அப்பா கோபத்தோடு வருவார். அறுக்காவிட்டால் ஆமையின் கண் மெல்ல மூடும். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஐந்தாம் வகுப்பு காவியா மட்டும் பலகையைத் தொடாமல் நின்றாள்.

"டீச்சர், ரெண்டும் வேணா. அடுத்த படகுல கீற ஆளக் கூப்புட்டா, ரெண்டு பேரா சேந்து அறுக்காம எடுத்துடலாமே. அதுக்கு ஏன் பட்டன் இல்ல?"

பூவிழிக்கு அது தோன்றவே இல்லை. அன்று சாயங்காலமே உட்கார்ந்து மூன்றாவது பட்டன் ஒன்றைச் சேர்த்தாள்.

அடுத்து ஒரு விளையாட்டு செய்தாள். திரையில் ஒரு செய்தியோ படமோ வரும். நம்பலாம் என்றால் பச்சையைத் தொட வேண்டும். பொய் என்றால் சிவப்பு. சிவப்பின் மேல் 'புருடா' என்று எழுதியிருந்தாள். தொட்டவர்கள் காரணம் சொல்ல வேண்டும். காரணம் தேடுவதற்கு மூன்று கேள்விகள்: யார் சொன்னது? அவர்கள் நேரில் பார்த்தார்களா? வேறு எப்படியாவது இருக்க முடியுமா?

செய்திகளுக்குப் பஞ்சமே இல்லை. அவளுடைய போன் முழுக்க அதுதானே. பொய் என்று தோன்றியதைப் பொய்யாகவும் உண்மை என்று தோன்றியதை உண்மையாகவும் விடை குறித்து வைத்தாள். முதல் நாளே வினை வந்தது. இறாலோடு எலுமிச்சம்பழம் சேர்த்துச் சாப்பிட்டால் உயிர் போய்விடும் என்ற செய்திக்கு அவள் குறித்திருந்த விடை பச்சை.

நான்காம் வகுப்பு முத்து எழுந்தான். "டீச்சர், எங்க வூட்ல எறா வறுத்தா மேல எலுமிச்சம்பயம் புழியாம எங்க நைனா துன்னவே மாட்டாரு. நாங்கல்லாம் செத்தா பூட்டோம்?"

வகுப்பே எழுந்து வந்து சிவப்பைத் தொட்டது. 'விடை தவறு' என்று பலகை பொய் சொன்னது. எல்லோரும் பூவிழியைப் பார்த்தார்கள்.

"நீங்க கண்டுபிடிக்கிறீங்களான்னு சும்மா சோதிச்சுப் பாத்தேன்" என்றாள் பூவிழி. அதையும் முத்து நம்பவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

அந்த நாளிலிருந்து அவள் ஒவ்வொரு செய்தியையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் விளையாட்டில் போட்டாள். தேடத் தேட, தான் இத்தனை வருஷமாக நம்பியவை ஒவ்வொன்றாகச் சரிந்தன. தலையணைக்கு அடியிலிருந்த வெங்காயம் குழம்புக்குப் போனது. செவ்வந்திக்குக் காரணம் தெரியவில்லை. ஆனாலும் மனதுக்குள் மாரியாத்தாவுக்கு நன்றி சொன்னாள்.

பிள்ளைகளிடம்தான் வேறு மாதிரி வியாதி பற்றிக்கொண்டது. எதைச் சொன்னாலும் சிவப்பு. ஏழெட்டு ஐம்பத்தாறு என்றாள் பூவிழி. "புருடா!" என்றான் முத்து. சரி, எண்ணிப் பார் என்று பலகையில் ஏழு வரிசை கிளிஞ்சல் படங்களை அடுக்கச் சொன்னாள். எண்ணினார்கள். ஐம்பத்தைந்து வந்தது. வகுப்பில் கொண்டாட்டமான கொண்டாட்டம். மறுபடி எண்ணியபோதுதான் முத்து ஒரு கிளிஞ்சலைத் தன் கையால் மறைத்துக்கொண்டு நின்றது தெரிந்தது. சந்தேகப்படுவது மட்டும் போதாது என்று அன்று பூவிழிக்குப் புரிந்தது. விளையாட்டில் மஞ்சள் பட்டன் ஒன்றைச் சேர்த்தாள். அதன் மேல் 'பார்க்கணும்' என்று எழுதினாள்.

ஆனால் மூன்று கேள்விகளும் அதற்குள் பள்ளியின் வாசலைத் தாண்டிவிட்டிருந்தன. ஒரு நாள் முத்துவின் அப்பா ரங்கன் நேராக வகுப்புக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், நேத்து வூட்டுக்கு லேட்டா போனேன். சங்கத்துல மீட்டிங்குன்னு சொன்னேன். என் பொண்டாட்டி ஒண்ணும் கேக்கல. இவன் கேக்கறான், 'யாரு பாத்தது?'ன்னு. நான் முறைக்கிறேன். 'வேற எங்கனா போயிருக்க முடியுமா?'ன்னு அடுத்த கேள்வி. அதுக்கப்புறம் அவளும் ஆரம்பிச்சுட்டா. பேஜாராப் பூடுச்சு. புள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுங்க, வேணாங்கல. என்னை விசாரிக்கச் சொல்லிக் குடுக்காதீங்க."

"மீட்டிங் நடந்துதா இல்லியா?" என்று அடுத்த அறையிலிருந்து எலிசபெத்தின் குரல் கேட்டது.

ரங்கன் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பூவிழிக்கு இதெல்லாம் பெருமையாக இருந்தது. யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் போல் இருந்தது. சொல்வதற்கு அப்போது ஒரு ஆளும் இருந்தார்.

அவர் பெயர் பிரபாகரன். பூவிழிக்கு முப்பது தாண்டிவிட்டதால் செவ்வந்தியின் நச்சரிப்பு தாங்காமல் கல்யாணச் செயலி ஒன்றில் தன் விவரங்களைப் போட்டிருந்தாள். அதன் வழியாக வந்தவர். சரக்குக் கப்பலில் இன்ஜினியர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு படத்தில் கம்பீரமாக இருந்தார். கப்பல் இப்போது நார்வே பக்கம் நிற்பதாகவும், அங்கே சிக்னல் சரியில்லாததால் முகம் பார்த்துப் பேச முடியாது என்றும், எழுத்தில் மட்டும் பேசுவதாகவும் சொன்னார். பூவிழி நம்பினாள்.

அவர் எழுதுவது அவளுக்குப் பிடித்திருந்தது. மற்ற மாப்பிள்ளைகள் எல்லாம் சம்பளம் எவ்வளவு, சமைப்பீர்களா என்று கேட்டார்கள். இவர், "இன்னைக்கு முத்து என்ன சொன்னான்?" என்று கேட்டார். காவியா ஆமைக் கதைக்குப் புது வழி சொன்னதைக் கேட்டு, "அந்தப் பொண்ணு பெரிய ஆளா வரும்" என்று எழுதினார். ரங்கன் கதைக்கு ஒரு வரி முழுக்கச் சிரிக்கிற பொம்மைகள் அனுப்பினார். பூவிழி மத்தியானச் சாப்பாட்டு வேளையில் போனைப் பார்த்துத் தனியாகச் சிரிப்பதை எலிசபெத் கவனித்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் அவர் ஒரு படம் அனுப்பினார். பின்னால் வெள்ளை வெளேரென்று பனிமலை. முன்னால் பிரபாகரன், இரண்டு கையிலும் தூக்க முடியாத அளவுக்கு ஒரு மீன். 'நார்வே கடலில் நானே பிடித்தது. உங்கள் நினைவாக' என்று கீழே எழுதியிருந்தார். பூவிழி அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாள் என்பதை அவளே சொல்ல மாட்டாள்.

மறுநாள் வகுப்பில் ஐந்து தலை நாகம் படம் ஒன்றைக் காட்டப் போனை எடுத்தாள். போனில் இருப்பதைப் பலகையில் தெரிய வைக்கலாம். பலகையைத் தொட்டால் போனைத் தொட்ட மாதிரியே வேலை செய்யும். அந்த வசதியை அவளேதான் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். நாகத்தைத் தள்ளிய விரல் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிவிட்டது. சுவர் முழுக்கப் பிரபாகரன் வந்து நின்றார்.

அவள் மாற்றுவதற்குள் முத்து கத்தினான்: "புருடா!"

"இது... இது விளையாட்டுல இல்லடா."

"கொடுவா டீச்சர் அது" என்றாள் காவியா. "நம்ம முகத்துவாரத்துல மாட்டற கொடுவா. கீழ நார்வேன்னு போட்டுக்கீது."

பூவிழி படத்தை மாற்றியிருக்கலாம். ஆனால் ஆசிரியை என்கிற பழக்கம் முந்திக்கொண்டது. "நார்வேல கொடுவா கெடைக்காதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

காவியா யோசித்தாள். "தெரியாது டீச்சர். பாக்கணும்."

பலகையிலேயே தேடிப் பார்த்தார்கள். கொடுவா வெதுவெதுப்பான தண்ணீரில் வாழும் மீன் என்று வந்தது. வரைபடத்தில் நார்வே உச்சியில் இருந்தது. பிள்ளைகள் திரும்பி டீச்சரைப் பார்த்தார்கள்.

"வேற எப்படியாவது இருக்க முடியுமான்னு யோசிங்க" என்றாள் பூவிழி. "இங்கேர்ந்து ஐஸ்ல வெச்சு ஏத்துமதி ஆகி அங்க போயிருக்கலாம் இல்லியா?"

"ஆனா, நானே புடிச்சதுன்னு எய்திக்கீறாரே?" என்றாள் காவியா.

"கடையில போய்ப் பிடிச்சிருப்பாரு."

வகுப்பு அதை ஏற்றுக்கொண்டதா என்று தெரியவில்லை. அதற்குள் முத்து பலகையில் இரண்டு விரலை வைத்து அகட்டிப் படத்தைப் பெரிதாக்கியிருந்தான். பிரபாகரனின் கால் சுவரளவு பெரிதானது.

"டீச்சர், பனில நிக்கறவரு ரப்பர் செருப்பு போட்டுனுகீறாரு!"

"கப்பலுக்குள்ள நிக்கறாரு போல. ஹீட்டர் போட்டிருப்பாங்க."

"பின்னால மலை கீதே டீச்சர். கப்பலுக்குள்ளயா மலை கீது?"

முத்து படத்தை இன்னும் நகர்த்தினான். ஓரத்தில் மீன் அடுக்கும் நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. அதில் வெள்ளைப் பெயின்டில் பாதி எழுத்து: '...ட்டூர்'.

"காட்டூர்!" என்றது மொத்த வகுப்பும். காட்டூர் என்பது பொன்னேரிப் பக்கம். அங்கே இறால் பண்ணைக்குப் போய்வந்த பிள்ளைகள் பாதிப் பேர்.

"இருந்தாலும் அவசரப்படக் கூடாது" என்று சொல்லிவிட்டு, பூவிழி தானே போய் மஞ்சள் பட்டனைத் தொட்டாள். "இது யாரு டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டதற்கு, "தூரத்துச் சொந்தம்" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் பிரபாகரனுக்கு ஒரே வரி எழுதினாள். 'உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இனிமேல் எழுத மாட்டேன்.' அதன் பிறகு வந்த எதையும் திறக்கவில்லை.

ஒரு வாரம் ஓடியது. வகுப்பில் பலகையில் மேகங்களின் படம் ஓடிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று சமையல்கார அம்மாவிடம் சொல்லப் பூவிழி வெளியே போயிருந்தாள். போன் பலகையோடு இணைந்தபடியே, மேஜை மேல் புத்தகங்களில் சாய்ந்து வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேகங்கள் மறைந்து, பலகை பெரிதாக அலறியது. 'பிரபாகரன்' என்று எழுத்து வந்தது. பச்சை வட்டம் ஒன்று துள்ளியது. துள்ளுகிற எதையும் தொட்டே பழகிய முத்து அதையும் தொட்டான்.

பிரபாகரன் வந்தார். தலையைப் படிய வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, முகத்தில் பவுடரோடு. அவர் எதிர்பார்த்தது பூவிழியை. பார்த்தது ஒரு வகுப்பை.

பெரியவர்கள் யார் வந்தாலும் செய்வதுபோல் வகுப்பு எழுந்து நின்று இழுத்தது: "வ...ண...க்...கம்... ஐ...யா!"

"வ... வணக்கம்" என்றார் பிரபாகரன்.

"சார், நீங்க நார்வேலயா கீறீங்க?" என்றாள் காவியா.

"ஆமாம்மா. நீ காவியாதானே? அவன் முத்து!" பிள்ளைகள் அசந்து போனார்கள். தங்கள் பெயர் நார்வே வரைக்கும் போயிருக்கிறதே. ஆனால் அசந்தது கொஞ்ச நேரம்தான்.

"அங்க இப்ப குளிரா சார்?"

"பயங்கர குளிரு. மைனஸ் பத்து." சொல்லிக்கொண்டே அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அந்த நேரம் பார்த்து, படிய வாரியிருந்த அவர் முடி ஒரு பக்கமாக எழுந்து நின்று, பிறகு படுத்தது. சற்று நேரத்தில் மறுபடி எழுந்தது.

"சார், ஃபேன் சுத்தி வருதா?" என்று கேட்டான் முத்து.

"அது... காத்து. கடல் காத்து."

பூவிழி வாசலில் வந்து நின்றது அப்போதுதான். அவளுக்குப் பின்னால் சத்தம் கேட்டு எலிசபெத்தும் வந்தார். அதே சமயம் பலகையின் பெரிய ஒலிபெருக்கிகளில், பிரபாகரனின் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் தெள்ளத் தெளிவாகக் கேட்டது: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயில் இன்னும் சற்று நேரத்தில்..."

முத்து ஒலிபெருக்கியிடம் காதைக் கொண்டுபோனான்.

"கப்பல்ல... டிவி ஓடுது" என்றார் பிரபாகரன்.

"ரயிலு வர்றதையா டிவில பாக்கறீங்க?" என்றான் முத்து. கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அதுதான் பிரபாகரனை உடைத்துவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது வாசலில் நிற்கிற பூவிழியைப் பார்த்துவிட்டார்.

"நான் கப்பல்ல இல்லீங்க. அனுப்பம்பட்டு. ஸ்டேஷனுக்குப் பக்கத்துலயே கடை. ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் பண்றேன். காட்டூர்ல ஒரு பண்ணையில ஃப்ரீசர் சரி பண்ணப் போனப்ப, அங்க இருந்த மீனத் தூக்கிப் பிடிச்சு போட்டோ எடுத்தேன். மலை மட்டும் போன்ல போட்டது. மெக்கானிக்குன்னு சொன்ன உடனே முன்னாடி நாலு வீட்ல பேச்சையே நிறுத்திட்டாங்க. அதான்..."

பூவிழி மெதுவாக உள்ளே வந்தாள். "வேற எதெல்லாம் புருடா?"

"பேரு நிஜம். சமைப்பேன்னு சொன்னது நிஜம். வயசுல மட்டும் ரெண்டு கம்மி பண்ணிட்டேன். பசங்க கதையைக் கேட்டுச் சிரிச்சதெல்லாம்... அது நிஜம்தாங்க."

அவள் பலகையைத் தொட்டு அழைப்பைத் துண்டித்தாள். மேகங்கள் திரும்பி வந்தன.

"டீச்சர், கண்டுபுடிச்சிட்டோம்!" என்று பிள்ளைகள் கை தட்டினார்கள். டீச்சர் முகத்தைப் பார்த்த காவியாதான் முதலில் தட்டுவதை நிறுத்தினாள். பிறகு மற்றவர்களும் நிறுத்தினார்கள்.

எலிசபெத் பிள்ளைகளைச் சாப்பிட அனுப்பிவிட்டு, பள்ளியின் பின்படியில் உட்கார்ந்திருந்த பூவிழிக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"அழணும்னா சீக்கிரமா அழுதுடு. பசங்க கை கழுவிட்டு வந்துடுவாங்க."

"செருப்பப் பாத்தப்பவே தெரிஞ்சுது டீச்சர்" என்றாள் பூவிழி. "தெரிஞ்சும், ஹீட்டரு, ஏத்துமதின்னு நானே அவருக்கு வக்கீலாட்டம் பேசினேன். புள்ளைங்க ஒழுங்காத்தான் பாத்துச்சுங்க. நான்தான்..."

"சரி, இன்னிக்குப் பாடக் குறிப்புல இன்னா எழுதப் போற?"

பூவிழி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தகவல் சரிபார்த்தல். செயல்முறை."

இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. எலிசபெத் தன் டீயைப் பாதி புடவையில் கொட்டிக்கொண்டார்.

அதன் பிறகு பிரபாகரன் எத்தனையோ எழுதினார். பூவிழி பதில் போடவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை, வீட்டில் பொன்னேரி என்று சொல்லிவிட்டுத் திருப்பாலைவனம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினாள். பொன்னேரியில் மின்சார ரயில் பிடித்து அனுப்பம்பட்டில் இறங்கினாள். ஒருவர் சொன்னதை அவரிடமே கேட்காமல், தானாகப் போய்ப் பார்ப்பது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்ய நல்ல ஆள் இருக்கிறாரா என்று விசாரித்தாள். "பிரபான்னு ஒருத்தரு. கை சுத்தம். ஆனா இன்னிக்கு வரேன்னு சொன்னா நாளைக்குத்தான் வருவாரு" என்றார் கடைக்காரர். எதிர்வீட்டு அம்மா, "நல்ல பையன். ஆனா எங்க ஃப்ரிட்ஜ் இன்னும் உறுமுது" என்றாள். பூவிழி இரண்டையும் மனதில் குறித்துக்கொண்டு கடை வாசலுக்குப் போனாள்.

பிரபாகரன் ஒரு ஃப்ரிட்ஜின் முதுகுக்குள் தலையை விட்டிருந்தார். வெளியே எடுத்தவர் அவளைப் பார்த்து, கையிலிருந்த ஸ்பேனரைக் காலில் போட்டுக்கொண்டார்.

"உள்ள வாங்க" என்றார், ஒற்றைக் காலில் நின்றபடி.

"வேணாம். வயசுல ரெண்டு கொறைச்சேன்னு சொன்னீங்க இல்ல? ஆதார் அட்டைய எடுங்க."

எடுத்துக் கொடுத்தார். பூவிழி பார்த்தாள். கணக்குப் போட்டாள்.

"மூணு!"

"ஒண்ணு... எனக்கே மறந்துபோச்சுங்க" என்றார் பிரபாகரன். சொல்லிவிட்டுத் திருதிருவென்று முழித்தார். பூவிழியால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. சிரித்துவிட்டதற்காகத் தன் மேலேயே கோபம் வந்து, வந்த வழியே திரும்பி நடந்தாள். ரயிலில் வழி முழுக்க அவளாகவே சிரித்துக்கொண்டும் முறைத்துக்கொண்டும் வந்தாள்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். செவ்வந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஃபிராடுப்பய. அவனப் போயி..." வரதன் மட்டும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "கப்பல் இன்ஜினியரு மாப்பிள்ளையாச்சே. ஒருவாட்டி வரச் சொல்லு. நம்ம கப்பல்லயும் ஏத்திப் பாப்போம்."

பிரபாகரன் வந்தார். வரதன் அவரைப் படகில் ஏற்றி ஏரிக்குள் கொண்டுபோனார். அன்று காற்றில்லை. அலையில்லை. இறங்கி நின்றால் இடுப்பளவுத் தண்ணீர். கரையிலிருந்து கூப்பிடு தூரம்கூடப் போயிருக்காது. நார்வே கடலில் கப்பல் ஓட்டியவர் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வழிய, "மாமா, எறங்கி நடந்து வந்துடட்டுமா?" என்று கேட்டார்.

வரதன் திரும்பி வந்ததும் வராததுமாக அதைக் குப்பம் முழுக்கச் சொன்னார். பல நாள் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று. "அவனால பொய் சொல்ல முடியாது செவ்வந்தி. வயிறே காட்டிக் குடுத்துடுது."

பூவிழி உடனே சரி என்று சொல்லவில்லை. நிறைய நாள் எடுத்துக்கொண்டாள். அவர் சொன்னது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தாள். சமைப்பேன் என்றது நிஜம்தான் என்பதை, வந்து வைத்துக் காட்டிய நண்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு மறுசோறு போட்டுக்கொண்ட செவ்வந்தியே உறுதிப்படுத்தினாள். எதிர்வீட்டு அம்மாவின் ஃப்ரிட்ஜ் உறுமுவது நின்றதா என்று பூவிழி போன் போட்டுக் கேட்டாள். நின்றிருந்தது. அடுத்த ஆவணியில் திருப்பாலைவனம் கோயிலில் கல்யாணம் நடந்தது. வகுப்பு முழுக்க வேன் வைத்து வந்தது. பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்த முத்து மாப்பிள்ளைக்குக் கேட்கும்படியாகவே, "சார் நல்லவருதான். ஆனா கொஞ்சம் பாத்துக்குங்க டீச்சர்" என்றான்.

இப்போது பூவிழி அனுப்பம்பட்டிலிருந்து தினமும் பள்ளிக்கு வந்து போகிறாள். போன மாதம் பொன்னேரியில் மறுபடி பயிற்சி நடந்தது. இந்த முறை பலகையை எப்படிப் பயன்படுத்தினாள் என்று மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்ல அவளையே அழைத்திருந்தார்கள். ஆமைக் கதையைக் காட்டினாள். கிளிஞ்சல் எண்ணியதைச் சொன்னாள். கல்யாணக் கதையைச் சொல்வதாக இல்லை. ஆனால் முட்டி வலியையும் பார்க்காமல் கூட வந்திருந்த எலிசபெத் பின்வரிசையிலிருந்து, "மீனச் சொல்லு, மீனச் சொல்லு" என்று விடாமல் சைகை காட்டியதால் சொல்ல வேண்டியதாயிற்று. அரங்கம் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது.

சாப்பாட்டு இடைவேளையில் வேறு ஊர் ஆசிரியை ஒருத்தி தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பெயர் ஹேமாவதி என்றாள். கொஞ்ச நேரம் சாம்பாரைப் பற்றிப் பேசினாள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"மேடம், எனக்கும் ஒருத்தர் பேசறாரு. கனடாவுல டாக்டர்னு சொல்றாரு. நல்லவர் மாதிரிதான் தெரியுது."

பூவிழி போனை வாங்கவில்லை. "அவரைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதுல, அவரு சொல்லாம நீங்களாப் பாத்தது எது?" என்று கேட்டாள்.

ஹேமாவதி போனில் பழைய செய்திகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். எலிசபெத் அவள் தட்டில் இன்னொரு அப்பளத்தை வைத்து, "மொதல்ல சாப்பிடும்மா, இதுக்கு நேரமாவும்" என்றார்.